கஞ்சியும் கஷாயமும் மட்டும் போதுமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 58. பெருங்குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று மதுரையில் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப் ஏற்றுகிறார்கள். வீட்டில் கேப்சிடபைன் மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு முறை முடிந்துவிட்டது. 54 கிலோ இருந்தவர் இப்போது 46 கிலோ. கை வளையல் முழங்கை வரை ஏறுகிறது. முட்டை, கறி, பால், இனிப்பு எல்லாம் புற்றை வளர்க்கும் என்று உறவினர்கள் சொன்னதால் கஞ்சியும் பழச்சாறும்தான் கொடுக்கிறோம். எதிர்ப்பு சக்திக்காகக் காலையில் சீந்தில் கஷாயம், பிறகு மஞ்சள் கேப்ஸ்யூல், மல்டிவைட்டமின், வைட்டமின் சி மாத்திரை கொடுக்கிறோம். இன்னும் என்ன கொடுக்கலாம்? ஜிகர்தண்டா வேண்டும் என்று ஆசையாகக் கேட்கிறார். சர்க்கரை என்பதால் மறுத்துவிட்டோம். அது சரியா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அந்த வளையலைப் பற்றியது. எட்டுக் கிலோ என்பது அம்மாவின் உடம்பில் ஏழில் ஒரு பங்கு. இப்படி இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் நாம் சாப்பிடும் புரதத்திலிருந்துதான் உருவாகின்றன. அதனால் ‘இன்னும் என்ன கொடுக்கலாம்’ என்ற கேள்விக்கு என் முதல் பதில், நிறுத்தியதையெல்லாம் திரும்பக் கொடுங்கள் என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரை என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். மகன் ஒரு மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். ஒன்பது டப்பாக்கள். பொடி, லேகியம், கேப்ஸ்யூல், இலைச் சாறு என்று வரிசையாக அடுக்கினார். “நேற்று அப்பா என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டேன். மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா வெகுநேரம் யோசித்து, “இரண்டு கரண்டி கஞ்சி” என்றார். பாசத்தில் குறையே இல்லாத குடும்பம் அது. உங்கள் குடும்பமும் அப்படித்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. பாசம் தப்பான இடத்தில் செலவாகிறது என்பதுதான் என் வருத்தம்.

சர்க்கரை புற்றை வளர்க்கும் என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். புற்று அணுக்கள் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் நாம் இனிப்பை நிறுத்தினால் அவை பட்டினி கிடப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். உணவில் வராவிட்டால் தசையிலுள்ள புரதத்தை உடைத்தாவது குளுக்கோஸ் தயாரித்துவிடும். பட்டினியில் இளைப்பது அம்மா, புற்று அல்ல. அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் மட்டும் அதற்குரிய கட்டுப்பாடு வேண்டும். முட்டை, மீன், கோழி, பால் ஆகியவற்றை இந்த நிலையில் நிறுத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கணக்கைச் சொல்கிறேன். சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 46 கிலோவுக்கு நாளொன்றுக்கு 55 முதல் 69 கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். பழச்சாற்றில் அதுவும் இல்லை. நன்றாக வெந்த இரண்டு முட்டையில் 12 கிராம், பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16 கிராம், எலும்பில்லாத மீனோ கோழியோ 100 கிராம் என்றால் 20 கிராம், ஒரு கிண்ணம் பருப்பில் 7, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் 6. கூட்டிப் பாருங்கள், 61 வந்துவிடுகிறது. இதில் எதையும் ஆன்லைனில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அம்மாவின் சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் ஒரே நாளில் அவரால் சாப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். பசி செத்துப்போன வாய்க்கு ஒரு தட்டுச் சோறு மலையாகத் தெரியும். மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் காலையில்தான் கொஞ்சமாவது பசி இருக்கும். முட்டையை அப்போதே கொடுத்துவிடுங்கள். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கஞ்சியையே கனமாக்குங்கள்: பாசிப்பருப்பு சேர்த்துக் காய்ச்சி, ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவும் ஒரு தேக்கரண்டி நெய்யும் விட்டுக் கலக்குங்கள். காய்ச்சிய பாலில் இரண்டு கரண்டி பால் பவுடர் சேர்த்தால் அளவு கூடாமல் சத்து கூடும். தாளிக்கும் வாசனையே குமட்டினால், சமைக்கும்போது அம்மாவை வெளித் திண்ணையில் காற்றோட்டமாக உட்கார வையுங்கள்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் யார் நோயில் விழுந்தாலும் முதலில் அடுப்பில் ஏறுவது அதுதான். குடிக்க இதமாக இருக்கும், நாக்குக்கு ருசி தரும். ஆனால் அந்தச் சாற்றில் உப்பும் கொழுப்பும் கொஞ்சம் ஜெலட்டினும்தான் இருக்கின்றன. சாற்றை அம்மாவுக்கும் கறியை மற்றவர்களுக்கும் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, கறியைக் குழைய வேகவைத்துப் பிய்த்து அம்மாவின் கிண்ணத்தில் போடுங்கள்.

இனி அந்த டப்பாக்கள். மல்டிவைட்டமினை இன்றே நிறுத்துங்கள். அதன் லேபிளில் ஃபோலிக் அமிலம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் இருக்கும், பி-காம்ப்ளக்ஸ் மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கும். கேப்சிடபைனோடு அது சேரும்போது மருந்தின் நச்சு கூடி, கடும் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வரலாம். கீரையிலும் பருப்பிலும் இயற்கையாக உள்ள ஃபோலேட்டுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திரையில் வருவதுதான் பிரச்சினை. அம்மாவுக்கு ஏற்கெனவே வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை. ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் அடுத்த மாத்திரையைப் போடுமுன் மருத்துவரை அழைத்துவிடுங்கள். அந்த நாட்களில் மட்டும் உப்புப் போட்ட நீர்த்த கஞ்சியும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் உதவும்.

சீந்தில் கஷாயத்தையும் விடச் சொல்கிறேன். மூலிகை என்றாலே கெடுதல் செய்யாது என்று நினைக்கிறோம். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்திலைக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். உங்கள் அம்மாவுக்கோ நோயே கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. கல்லீரல் பரிசோதனையின் அளவுகள் ஏறினால் அடுத்த டிரிப்பையே தள்ளிப்போட வேண்டி வரும். மஞ்சள் கேப்ஸ்யூலும் இப்படித்தான், அதிலும் மிளகுச் சத்து சேர்த்து விற்பவை. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, அதன் சத்தைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கிய கேப்ஸ்யூல் வேறு. குழம்பு மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். வைட்டமின் சி-யை முற்றிய புற்றுநோயாளிகளுக்கு தினம் 10 கிராம் கொடுத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆராய்ந்தார்கள். 1979-லும் 1985-லும் வெளியான முடிவுகளில் பலன் எதுவும் இல்லை. ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு நாளுக்கு வேண்டியது கிடைத்துவிடும். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து குறைவு என்று வந்தால் அது வேறு. புற்றுநோய் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அளவில் கொடுங்கள்.

எதிர்ப்பு சக்தியை வைத்தே புற்றுநோயை அடிக்கும் மருந்துகள் உண்மையில் இருக்கின்றன. அந்த வழியைக் கண்டதற்குத்தான் 2018-இல் இரண்டு அறிவியலாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் குடல் புற்றில் அது எல்லோருக்கும் வேலை செய்யாது. கட்டியின் திசுவில் எம்.எஸ்.ஐ. என்ற பரிசோதனை செய்து பார்த்து, பொருந்துகிற சிலருக்கே கொடுப்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். டப்பாக்களுக்குச் செலவிடும் பணத்தைவிட இந்த ஒரு கேள்வி பயனுள்ளது.

வீட்டில் அவசியம் இருக்க வேண்டிய கருவி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். டிரிப் ஏற்றிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் கொடுத்து அடக்கிப் பார்க்கவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, கீமோ போட்ட சீட்டோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஊசி வழியாக ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. கஷாயம் குடித்திருக்கிறாரே, தானாகக் குறைந்துவிடும் என்று ஓர் இரவு தாமதித்து உயிரிழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் அந்த நாட்களில் பழைய சோறு, நறுக்கி விற்கும் பழம், காலையில் அரைத்து இரவுவரை இருக்கும் சட்னி, பச்சைப் பால் வேண்டாம். காய்ச்சிய பாலில் வீட்டிலேயே உறைய வைத்த தயிர், நீங்களே கழுவி உரித்த பழம், சூடாகச் சமைத்த எதுவும் சாப்பிடலாம். பார்க்க வருகிறவர்களைத் தடுப்பது நம் ஊரில் எவ்வளவு கடினம் என்று அறிவேன். இருந்தாலும் சளி, இருமல் இருப்பவர்கள் வாசலோடு திரும்பட்டும். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வரட்டும். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லீரலுக்குப் பரவிய இந்த நோயைச் சாப்பாட்டால் குணப்படுத்த முடியாது. நன்றாகச் சாப்பிட்டால் அவர் சிகிச்சையைத் தாங்குவார், தொற்றுகள் குறையும், தானே எழுந்து நடமாடுவார். இது சிறிய விஷயம் இல்லை. பின்னால் ஒரு நாள் நோய் மிகவும் முற்றி, என்ன செய்தாலும் உணவு இறங்காத நிலை வரலாம். அப்போது கெஞ்சியோ கோபித்தோ ஊட்டித் திணிக்காதீர்கள். அவர் கேட்கும் இரண்டு வாய் போதும். நீங்கள் சரியாகக் கவனிக்காததால் அது வருவதில்லை. வலி நிவாரண ஆதரவு சிகிச்சையை அதுவரை தள்ளிப்போடவும் வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயரைப் பதிந்து வையுங்கள்.

ஜிகர்தண்டாவுக்கு வருகிறேன். தடை சர்க்கரையில் இல்லை, குளிர்ச்சியில்தான். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் மரத்துக் குத்தும். குளிர்ந்ததை விழுங்கினால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். அடுத்த டிரிப்புக்கு முந்தைய வாரத்தில் இது பெரும்பாலும் தணிந்திருக்கும், வெள்ளை அணுக்களும் ஏறியிருக்கும். அந்த வாரத்தில் வீட்டிலேயே செய்யுங்கள். முந்தைய இரவு கொதித்து ஆறிய நீரில் பாதாம் பிசினை ஊற வையுங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி ஆற வைத்து, நன்னாரி சர்பத்தும் ஊறிய பிசினும் கலந்து, ஐஸும் ஐஸ்கிரீமும் இல்லாமல் ஒரு சின்ன டம்ளரில் கொடுங்கள். மருந்து குடிப்பதுபோல் தனியாக உட்கார்ந்து குடிக்க விடாமல், நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.