கிரீன் தெரு 202: தகட்டில் இல்லாத பெயர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கிறேன். போன ஞாயிறு என் ஒன்பது வயது மகளோடு நடந்து வரும்போது, சான்சம் தெருவும் கிரீன் தெருவும் சந்திக்கிற முனையில் நடைபாதையோரம் ஒரு வெண்கலத் தகட்டைப் பார்த்தேன். 1927 செப்டம்பர் 7 அன்று ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற 21 வயது இளைஞர் முதல் முழு மின்னணுத் தொலைக்காட்சிப் படத்தை இங்கேதான் அனுப்பிக் காட்டினார் என்று எழுதியிருந்தது. இரண்டு வருடமாக அந்த வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளியில் நான் படித்த பெயர் ஜான் லோகி பெயர்ட். அப்படியானால் இந்தத் தகடு வெறும் உள்ளூர்ப் பெருமையா? மகளின் கேள்வி வேறு. "முதல் டிவியில என்னப்பா காட்டினாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ச.

*

அன்புள்ள ச.,

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடு. நேரான ஒற்றைக் கோடு, அவ்வளவுதான்.

தகடு இருக்கிற அந்த இடத்தில், கிரீன் தெரு 202ஆம் எண்ணில்தான் ஃபார்ன்ஸ்வொர்த்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஒரு அறையில் கேமராக் குழாய், பக்கத்து அறையில் படம் தெரிகிற குழாய். கேமரா அறையில் நின்றவர் க்ளிஃப் கார்ட்னர், ஃபார்ன்ஸ்வொர்த்தின் மைத்துனர். கோடு ஒன்று போட்ட கண்ணாடிச் சில்லை, கூசுகிற விளக்குக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்தார். இந்தப் பக்கம் ஃபார்ன்ஸ்வொர்த், அவர் மனைவி பெம், பணம் திரட்டித் தந்த ஜார்ஜ் எவர்சன் ஆகியோர் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு தெரிந்தது. உடனே ஃபார்ன்ஸ்வொர்த், சில்லைத் திருப்பச் சொல்லிக் க்ளிஃபுக்குக் குரல் கொடுத்தார். அங்கே அவர் திருப்ப, இங்கே திரையில் கோடும் திரும்பியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் திருப்பல்தான். திரையில் ஏதோ ஒரு கீற்று தெரிவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மின் இரைச்சல்கூட அப்படித் தெரியும். ஆனால் அடுத்த அறையில் ஒருவர் கையைத் திருப்பினால் இங்கே கோடு சாய்கிறது என்றால், வருவது அங்கிருந்துதான். தன் குறிப்பேட்டில் அவர் அடக்கமாகத்தான் எழுதினார்: கோட்டுப் படம் 'இந்தத் தடவை' தெளிவாகவே தெரிந்தது என்று. அந்த 'இந்தத் தடவை'க்குப் பின்னால் எத்தனை தோற்றுப்போன தடவைகள் இருந்திருக்கும்!

சரி, பெயர்ட். நீங்கள் படித்தது தப்பில்லை. லண்டன் சோஹோ பகுதியில் ஃப்ரித் தெரு 22ஆம் எண் வீட்டில், 1926 ஜனவரி 26 அன்று, ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் அமைப்பின் உறுப்பினர்கள் முன்னால் அவர் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டினார். அந்த வீட்டிலும் ஒரு நினைவுத் தகடு உண்டு. இரண்டு தகடும் உண்மையைத்தான் சொல்கின்றன. கிரீன் தெருத் தகட்டில் 'முழு மின்னணு' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

பெயர்டின் கருவியில் துளை போட்ட வட்டத் தட்டு ஒன்று சுழலும். 1884இல் ஜெர்மனியில் பால் நிப்கோ யோசித்த தட்டு அது. ஒவ்வொரு துளையும் காட்சியில் ஒரு வரியைத் தடவிக்கொண்டு போகும். ஆரம்பத்தில் பெயர்டின் படத்துக்கு 30 வரிகள். படம் இன்னும் துல்லியமாக வர வேண்டுமென்றால் துளைகள் கூட வேண்டும், தட்டு பெரிதாக வேண்டும், இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஓரளவுக்கு மேல் இரும்பும் மோட்டாரும் தாங்காது. ஃபார்ன்ஸ்வொர்த் சுழலும் பொருளையே எடுத்துவிட்டார். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்களை உமிழும் ஒரு பரப்பு, அந்த எலக்ட்ரான் படத்தைக் காந்தப் புலத்தால் வரிவரியாக நகர்த்தி ஒரு சின்னத் துளை வழியே படிப்பது. 'இமேஜ் டிசெக்டர்' என்று பெயர். பின்னாளில் பெயர்டின் கம்பெனியே இந்தக் கேமராவை வாங்கிப் பயன்படுத்தியது.

இடையில் இன்னொருவரும் உண்டு. ஜப்பானில் கென்ஜிரோ தகாயனாகி, 1926 டிசம்பர் 25 அன்று, படம் பெறும் பக்கத்தில் எலக்ட்ரான் குழாயை வைத்து ஒரே ஓர் எழுத்தைத் திரையில் வரவழைத்தார். அனுப்பும் பக்கத்தில் அவரும் சுழலும் தட்டைத்தான் வைத்திருந்தார். அதனால்தான் 'முழு' என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம். அவர் காட்டிய ஜப்பானிய எழுத்தின் ஒலி என்ன தெரியுமா? நம்முடைய 'இ'. மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஃபார்ன்ஸ்வொர்த்தின் குழாயில் குறையும் இருந்தது. அது வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது, அந்தந்தக் கணத்தில் விழுவதை மட்டுமே படிக்கும். அதனால் கண் கூசும் விளக்கு வேண்டும். ஆர்சிஏ என்ற அமெரிக்க ரேடியோ கம்பெனியில் விளாதிமிர் ஸ்வோரிகின் செய்த ஐகனோஸ்கோப் என்ற கேமராக் குழாய் வெளிச்சத்தைச் சேர்த்து வைத்தது, அதனால் குறைந்த ஒளியிலும் வேலை செய்தது. ஆர்சிஏவோடு நடந்த காப்புரிமை வழக்கும், ஐடஹோவில் உருளைக்கிழங்கு வயலின் உழவுச் சால்களைப் பார்த்து, படத்தையும் அப்படி வரிவரியாகப் படிக்கலாம் என்று ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு 14 வயதில் வந்த யோசனையும் எல்லோரும் எழுதுவதுதான். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த யோசனையைப் பள்ளிக் கரும்பலகையில் பையன் வரைந்து விளக்கியபோது கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் ஜஸ்டின் டோல்மன், பல வருடம் கழித்து வழக்கில் அவருக்காகச் சாட்சி சொன்னார். தீர்ப்பு ஃபார்ன்ஸ்வொர்த் பக்கம் வந்தது.

எனக்கு அந்தத் தகட்டில் ஒரே ஒரு வருத்தம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அதே முனையில் நின்று படித்தபோதும் மனதில் உறுத்தியது. கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லிவிட்டு, 'அர்ப்பணிப்புள்ள உதவியாளர்கள் சிலர்' என்று ஒரே வரியில் மற்றவர்களைக் கடந்துவிடுகிறது. அந்தச் சிலர் யார்?

க்ளிஃபுக்கு அதற்கு முன் கண்ணாடி ஊதத் தெரியாது. அங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். காற்றெல்லாம் உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குழாய், அதன் உள்ளே உலோகப் பாகங்கள், முகப்பு படம் விழுவதற்கேற்பத் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு மயிரிழை விரிசல் போதும், காற்று புகுந்து எல்லாம் வீண். அப்படிப்பட்ட குழாய்களை அவர் கையால் ஊதினார். பெம் வரைபடங்கள் வரைந்தார், குழாயின் உள்பாகங்களுக்குப் பற்றவைப்பு வேலை செய்தார். 1929 அக்டோபரில் பெம்மின் முகமும் அந்தத் திரையில் வந்தது. சுமார் மூன்றரை அங்குலப் படம். அதில் அவர் கண்களை மூடியிருக்கிறார். நான் மேலே சொன்ன அந்த விளக்கின் முன் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

தகடு வைத்தது 1981இல். ஃபார்ன்ஸ்வொர்த் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. பெம் உயிரோடு இருந்தார், அப்போது அவருக்கு 73 வயது. கணவரின் பெயர் மறந்துபோகக் கூடாது என்று அதற்கப்புறமும் பேசிக்கொண்டே இருந்து, 2006இல் 98 வயதில் காலமானார். அவர் பெயருக்கும் அவர் சகோதரர் க்ளிஃபின் பெயருக்கும் அந்த வெண்கலத்தில் ஒரு வரி இடம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது மகளைத் தகட்டுக்கு முன் நிறுத்தி, 'உதவியாளர்கள்' என்ற இடத்தில் விரல் வைத்து, க்ளிஃப், பெம் என்று படித்துக் காட்டுங்கள். அவள் கேட்ட முதல் டிவி நிகழ்ச்சியில் கோட்டைத் திருப்பியது க்ளிஃபின் கை.

அன்புடன்.