எங்களுக்கு ஏது வரலாறு – கடிதம்

ஐயா, வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் இருக்கிறேன். இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்தேன். வரலாறு படிக்க ஆசை. க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி, டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஹானர்ஸ் இடம் வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு தன்னாட்சிக் கல்லூரியிலும் கிடைத்திருக்கிறது. அப்பா பி.காம். எடுக்கச் சொல்கிறார். என் ஆங்கிலம் சுமார்தான். தரவரிசையில் டெல்லி மேலே இருக்கிறது. எது நல்லது ஐயா? எனக்கு டெல்லி என்றுதான் படுகிறது. தோடர், கோத்தர், படுகர் என்றால் இந்த மலையில் வரலாறு உண்டு. நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள், எங்களுக்கு ஏது வரலாறு? வரலாறு இருக்கிற ஊருக்கே போய்ப் படித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

என் மகளைவிடச் சின்னவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

பி.காம். வேண்டாம். அப்பாவிடம் நான் பேசவேண்டும் என்றால் சொல், பேசுகிறேன். ஆங்கிலம் தினமும் பத்துப் பக்கம் படித்தால் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிடும், அதற்காகப் பயந்து ஊரை மாற்றாதே. தரவரிசைப் பட்டியலை மூடி வை. இளநிலை மாணவிக்குக் கல்லூரிதான் எல்லாம். டெல்லியில் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். சென்னையில் தன்னாட்சிக் கல்லூரி என்றால் இரண்டையும் அவர்களே போட்டுக்கொள்வார்கள், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். இரண்டு பாடத்திட்டங்களையும் இறக்கி, அருகருகே வைத்துப் படித்துப் பார். டெல்லியில் 2022 முதல் நான்கு வருடப் படிப்பு; மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரவும் வழி இருக்கிறது. விடுதி உண்டா என்று இன்றைக்கே விசாரி. அங்கே பல கல்லூரிகளில் விடுதியே கிடையாது. வெளியே அறை எடுத்தால் வீட்டுச் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடும்.

அப்புறம் அந்தக் கடைசி வரிகள். இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. வரலாறு படிக்கப் போகிற பெண் இப்படி எழுதலாமா?

நீ ஏன் டேன்டீ குடியிருப்பில் இருக்கிறாய் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலை கிள்ளியவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தியாவுக்கு ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர், இலங்கைக்கு மூன்று லட்சம் பேர். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டைக் கணக்குப் போல மனிதர்களைப் பங்கு போட்டார்கள், ச. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறை இந்த மலையில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பிறகு டேன்டீ ஆனது. இரண்டு நாடுகள், இரண்டு ஒப்பந்தங்கள், ஒரு கடல், ஒரு காடு. இவ்வளவும் சேர்ந்துதான் உன் வீட்டுக் கதவு எண்ணைப் போட்டிருக்கிறது. நீ வரலாறு தேடி டெல்லிக்குப் போகிறேன் என்கிறாய்!

நான் வந்தது 1972இல், ஏழு வயதில். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அப்பாயி, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி ஒன்றைப் பழைய சேலையில் சுற்றித் தகரப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். பிடி தேய்ந்து, அவள் கட்டைவிரல் பதியும் இடத்தில் மட்டும் குழி விழுந்த கத்தி. முகாமில் பெட்டியைத் திறந்து பார்த்தவர், இது எதற்குப் பாட்டி என்றார். "போற எடத்துலயும் தேயிலதானேங்க" என்றாள். கோத்தகிரி வந்தபோது அவள் கவ்வாத்து வெட்டுவதற்கு ஒரு செடிகூட இல்லை. காட்டை வெட்டிக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். செடி வளர்ந்து கத்திக்கு வேலை வரும் வரை அது கூரைச் சட்டத்திலேயே செருகியிருந்தது.

விடியற்காலையில் அப்பாயி என்னை எழுப்பும்போது "பெரட்டு தட்டியாச்சு, எந்திரி" என்பாள். கோத்தகிரியில் யாரும் எதையும் தட்டவில்லை. சிலோனில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் இருந்த வரிசை வீடுகளுக்கு வெளியே தப்படித்து ஆள் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவார்கள், அதுதான் பெரட்டு. பரேடு என்ற ஆங்கிலச் சொல் லயத்து வாயில் அப்படி ஆகிவிட்டது. தோட்டத்தைப் பட்டாளம் மாதிரி நடத்திய துரையும், விடியுமுன் எழுந்து குளிரில் நின்றவர்களும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த பிறகும் அது அவளை விடவில்லை.

நான் பி.ஏ. படித்தபோது, அப்பாயி சொல்வதையெல்லாம் எழுதிக் கட்டுரையாகக் கொடுக்கிறேன் என்று என் ஆசிரியரிடம் கேட்டேன். "இதெல்லாம் வீட்டுக் கதைப்பா, வரலாறு கிடையாது" என்றார். நல்ல மனிதர்தான். நான் அவரை நம்பினேன். பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்த நோட்டை மூடி வைத்துவிட்டேன். மூன்றாம் வருடம் அப்பாயி போய்விட்டாள். அவள் பிறந்த தோட்டத்தின் பெயர் எனக்குத் தெரியாது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று பதின்மூன்றாம் பக்கத்தில் இடம் விட்டிருந்தேன்.

அதனால்தான் உன் வரி என்னை இப்படிக் குத்தியது.

தோடர், கோத்தர் என்று எழுதினாயே, அவர்களுக்கு வரலாறு தானாக வந்து உட்காரவில்லை. கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1935இல் இந்தியாவுக்கு வந்து, இந்த மலையில் கோத்தர்களோடும் தோடர்களோடும் உட்கார்ந்து சொல் சொல்லாகக் கேட்டு எழுதினார். அவரும் பர்ரோ என்ற இன்னொரு மொழியியலாளரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் எருமை என்ற சொல்லைப் பார். தமிழில் எருமை, கோத்தர் மொழியில் இம், தோடர் மொழியில் இர், கன்னடத்தில் எம்மெ, துளுவில் எர்மெ. இத்தனை மொழிகளுக்கும் இருக்கும் உறவு ஓர் எருமையில் தெரிகிறது. யாரோ ஒருவர் குளிரில் உட்கார்ந்து காது கொடுத்ததால் கிடைத்தது அது. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் வீட்டைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். 1819இல் வந்தவருக்குச் செய்தது நல்லதுதான். உங்கள் குடியிருப்புப் பாட்டிமாரிடம் காது கொடுக்க யார் வருவார்கள்? சிலோன் தமிழும் தெரிந்து, கோத்தகிரிக் குளிரும் தெரிந்த ஆள் வேண்டும். நீதான் இருக்கிறாய்.

எது நல்லது என்று கேட்டாய் இல்லையா. உன் இடத்தில் நான் இருந்தால் சென்னை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்து மாவட்டப் பதிவுகள் இருக்கின்றன. கன்னிமாரா நூலகம் நடந்து போகிற தூரம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ் அச்சு குவிந்து கிடக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் மறுநாள் வீட்டில் நிற்கலாம். டெல்லியிலும் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, இரண்டு அரசுகளும் நம்மைப் பற்றி எழுதிக்கொண்டதைத் தேட அங்கே ஒருநாள் நீ போகத்தான் வேண்டும். முதுகலைக்குப் போ. விடுதி கிடைத்து, மனம் அங்கேதான் என்றால் இப்போதே போ, நான் தடுக்கவில்லை.

ஆனால் கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. உன் வீட்டில் குடும்ப அட்டை என்று ஒரு பழைய தாள் இருக்கும், ரேஷன் அட்டை இல்லை, சிலோனிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்தது, பெட்டியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ. அதைக் கேட்டு வாங்கி, ஈரம் படாத இடத்தில் வைத்துப் படமெடு. பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேள். அந்தத் தோட்டத்தில் எத்தனையாம் நம்பர் லயம், பக்கத்து வீட்டில் யார், கப்பலேறும்போது யாரை விட்டுவிட்டு வந்தாள் என்று கேள். போனில் பதிவு செய், பிறகு கையாலும் எழுது. எழுதியதை எனக்கு அனுப்பு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாய் என்பதை அப்போது சொன்னால் போதும்.