இசோன்ஸோவின் சிங்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையில் ஸ்வெடோஸார் போரோயேவிச்சின் பெயர் ஒரே வரியில் வந்துபோனது. தோற்றுப்போன ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தளபதிதானே அவர்? அவரை ஏன் சிங்கம் என்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போரோயேவிச்சை ஒரு வரியில் கடந்துபோயிருக்கக் கூடாது. 1856ல் குரோவேஷிய எல்லைப்புறத்தில், செர்பிய ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் எல்லைப்படை அதிகாரி. சிறுவயதிலேயே ராணுவப் பள்ளி. அப்புறம் வாழ்க்கை முழுக்க பேரரசரின் சேவகம்தான்.

1914ல் ரஷ்யர்களோடு மோதினார். ஆனால் பெயர் வாங்கித்தந்தது இத்தாலிய முனை. 1915 மே 23 அன்று இத்தாலி போர் அறிவித்ததும் பேரரசின் ஐந்தாவது ராணுவம் அவர் கைக்கு வந்தது. ஸ்லோவேனியர்கள் சோச்சா என்று அழைக்கும் இசோன்ஸோ ஆற்றங்கரையில், 1917 செப்டம்பர் வரை இத்தாலியர்கள் பதினொரு முறை பெரும்படையோடு மோதினார்கள். கோரிஸியா நகரம் பறிபோனது. ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்கு மட்டும் அவர்களால் போய்ச்சேர முடியவில்லை. அதனால்தான் இசோன்ஸோவின் சிங்கம் என்ற பட்டம்.

அந்த நிலத்தை நினைத்துப் பாருங்கள். கார்ஸ்ட் மேட்டுநிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மண்வெட்டி இறங்காது, பாறையைத் துளைத்து வெடிவைத்துத்தான் பதுங்குகுழி. பீரங்கிக்குண்டு விழுந்தால் பாறையே சில்லுசில்லாகத் தெறித்து ஆளைக் கிழிக்கும். மழைநீர் இடுக்குகளில் இறங்கிப் போய்விடும், குடிக்கிற தண்ணீரைக்கூடப் பின்னாலிருந்து கொண்டுவர வேண்டும். அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களைத்தான் நான் முதலில் நினைக்கிறேன். ஏனென்றால், இழந்த குழியை உடனே எதிர்த்தாக்கி மீட்டாக வேண்டும் என்பது போரோயேவிச்சின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குச் சாதாரண வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். பட்டத்தில் பாதி அவர்களுடையது.

1918 பிப்ரவரியில் ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியான ஃபீல்டு மார்ஷல் ஆனார். ஜூனில் இத்தாலியின் பியாவே ஆற்றில் ஆஸ்திரிய-ஹங்கேரியத் தாக்குதல் தோற்றது. நவம்பரில் பேரரசே இல்லை.

என்னை உலுக்குவது அதற்கப்புறம் நடந்ததுதான். புதிதாக உருவான தென்ஸ்லாவிய நாட்டில் பணியாற்ற அவரே முன்வந்தார். வேண்டாம் என்றார்கள், உடைமைகளையும் பறித்துக்கொண்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் வறுமையில் இருந்தார். 1920ல் அங்கேயே இறந்தார். தேதி, இத்தாலி போர் அறிவித்த அதே மே 23. வியன்னாவில் இருக்கும் கல்லறைக்குப் பணம் கொடுத்தவர், அப்போது தானும் நாடிழந்து வெளிநாட்டில் இருந்த கடைசிப் பேரரசர் கார்ல்.