ஓஆர்எம் ட்ரான்ஸாக்ஷன்: கேள்வி பதில்

ஓஆர்எம் என்பது கோடில் உள்ள ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் ரோக்களாக மாற்றும் கருவி. ட்ரான்ஸாக்ஷன் என்பது சேர்ந்தே நிற்கும், அல்லது சேர்ந்தே விழும் மாற்றங்களின் தொகுப்பு. ஸ்ப்ரிங், ஹைபர்னேட், ஜாங்கோ ஆகிய கருவிகள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பற்றிக் கேளுங்கள். மற்றவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு.

கே: சேவ் கூப்பிட்டேன், லாகில் இன்சர்ட் ஓடியது தெரிகிறது. வேறு கனெக்ஷனில் பார்த்தால் ரோ இல்லையே சார்?

ப: ஓடியது ஃப்ளஷ். கமிட், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்குவது, இன்னும் ஆகவில்லை. மெமரியில் இருக்கும் மாற்றத்தை எஸ்க்யூஎல்லாக அனுப்புவதோடு ஃப்ளஷ் வேலை முடிந்தது. கமிட் ஆகும்வரை அந்த ரோ உங்கள் கனெக்ஷனுக்கு மட்டும்தான் தெரியும்.

கே: ஸ்ப்ரிங்கில் ட்ரான்ஸாக்ஷனல் அனோட்டேஷன் போட்டும், எரர் வந்தபோது ரோல்பேக் (மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) ஆகவில்லை.

ப: பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். செக்டு எக்ஸெப்ஷன் (கையாளச் சொல்லி ஜாவா கட்டாயப்படுத்தும் எரர் வகை) வந்தால் ஸ்ப்ரிங் இயல்பாகக் கமிட் செய்துவிடும், அனோட்டேஷனில் ரோல்பேக்ஃபார் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அதே கிளாஸுக்குள்ளிருந்து அந்த மெத்தடைக் கூப்பிட்டிருப்பீர்கள். ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்குவது கிளாஸைச் சுற்றி ஸ்ப்ரிங் வைக்கும் ப்ராக்ஸி. அழைப்பு அதன் வழியாகப் போகாததால் ட்ரான்ஸாக்ஷனே தொடங்கியிருக்காது.

கே: ஆர்டரைச் சேமித்து, பேமென்ட் ஏபிஐயைக் கூப்பிட்டு, பதிலையும் சேமிக்கிறேன். எல்லாம் ஒரே ட்ரான்ஸாக்ஷனில். பாதுகாப்புதானே?

ப: இல்லை. திறந்த ட்ரான்ஸாக்ஷனுக்குள் வெளி அழைப்பு வைக்காதீர்கள். பணம் எடுத்த பிறகு உங்கள் கோட் எரர் எறிந்தால் ஆர்டர் ரோல்பேக் ஆகும், பணம் திரும்பாது. வாடிக்கையாளரின் பணம் போயிருக்கும், உங்களிடம் அதற்கான பதிவே இருக்காது.

இன்னொரு ஆபத்து கனெக்ஷன் பூல், அதாவது ரிக்வெஸ்டுகள் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் கனெக்ஷன்களின் தொகுப்பு. ஸ்ப்ரிங் பூட் இயல்பாகப் பயன்படுத்தும் பூலான ஹிகாரியின் இயல்பு அளவு 10. பேமென்ட் சர்வர் மந்தமானால் பத்து ரிக்வெஸ்டும் ஆளுக்கொரு கனெக்ஷனைப் பிடித்தபடி காத்திருக்கும். பதினோராவது ரிக்வெஸ்ட் 30 வினாடி பார்த்துவிட்டு எரரோடு விழும். டேட்டாபேஸ் சும்மா இருக்கும், ஆப் மட்டும் நின்றிருக்கும்.

இரண்டாக உடையுங்கள். ஆர்டரை 'நிலுவை' என்று எழுதிக் கமிட் செய்யுங்கள். அப்புறம் ஆர்டர் எண்ணையே ஐடெம்பொட்டன்சி கீயாக (ஒரே கோரிக்கை மறுபடி வந்தாலும் பணம் இருமுறை எடுக்காமலிருக்க உதவும் அடையாளம்) கொடுத்து ஏபிஐயைக் கூப்பிடுங்கள். பதில் வந்ததும் புதிய ட்ரான்ஸாக்ஷனில் நிலையை மாற்றுங்கள். நடுவில் ப்ராசஸ் செத்தால் நிலுவையில் உள்ளவற்றை ஒரு ஜாப் எடுத்து, பேமென்ட் பக்கம் நிலை கேட்டுச் சரிசெய்யட்டும்.

கே: மாங்கோடிபியில் எப்படி?

ப: அதில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கே: கமிட்டை ரெப்போசிட்டரிக்குள் (டேபிளைப் படித்து எழுதும் கிளாஸ்) வைப்பதுதான் சுத்தம். அதைக் கூப்பிட்டு வணிக வேலையை நடத்தும் சர்வீஸுக்கு டேட்டாபேஸ் விஷயம் எதற்கு?

ப: ஸ்டாக்கை (சரக்கு இருப்பை) குறைப்பது ஒரு ரெப்போசிட்டரி, ஆர்டரை எழுதுவது இன்னொன்று. தனித்தனியாகக் கமிட் ஆனால் ஸ்டாக் குறைந்து ஆர்டர் இல்லாத நிலை வரும். எவை சேர்ந்து நிற்க வேண்டும், சேர்ந்து விழ வேண்டும் என்பது வணிக விதி. அது தெரிந்த இடம் சர்வீஸ்தான்.

கே (அதே நண்பர்): என் ப்ராஜெக்டில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் ஒரே ஒரு ரோவைத்தான் எழுதுகிறது. எனக்கு ஏன் இந்தச் சுமை?

ப: அந்த நிலையில் உங்கள் வழி தவறில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது டேபிள் வரும் நாளில் அந்தக் கமிட் எந்தெந்த ரெப்போசிட்டரிக்குள் இருக்கிறது என்று தேட வேண்டிவரும். சர்வீஸில் வைத்தால் இன்று கூடுதலாக ஒரு வரிதான்.

கே: சேவ் பண்ணினேன், டேபிளில் வரவில்லை.

ப: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் சிலரும் அனுப்பியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் அதேதான்.

கே: ஸ்டாக் 1 இருக்கும்போது இருவர் வாங்கிவிடுகிறார்கள். ட்ரான்ஸாக்ஷன் போட்டிருக்கிறேனே!

ப: போஸ்ட்கிரெஸின் இயல்பு ரீட் கமிட்டட், அதாவது மற்றவர் கமிட் செய்ததை மட்டும் படிக்கும் நிலை; படிப்பது ரோவைப் பூட்டாது. இருவரும் 1 என்று படிப்பார்கள், இருவரும் 0 என்று எழுதுவார்கள். படிக்கும்போதே செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு ரோவைப் பூட்டுங்கள், அல்லது டேபிளில் வெர்ஷன் நெடுவரிசை (ஒவ்வொரு மாற்றத்திலும் கூடும் எண்; படித்த பிறகு வேறொருவர் மாற்றினாரா என்று காட்டும்) வையுங்கள். இதற்கு எனக்குப் பிடித்தது 'ஸ்டாக் 0க்கு மேல் இருந்தால் 1 குறை' என்ற ஒரே அப்டேட். மாறிய ரோ எண்ணிக்கை 0 என்றால் சரக்கு இல்லை.

கே: சீரியலைஸபிள் (ட்ரான்ஸாக்ஷன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோல நடத்தும் கடுமையான நிலை) வைத்தேன், 40001 எரர் வருகிறது.

ப: அது வரத்தான் செய்யும். மோதும் ட்ரான்ஸாக்ஷன்களில் ஒன்றை போஸ்ட்கிரெஸ் நிறுத்திவிட்டது, மறுபடி ஓட்டுங்கள் என்று பொருள். விழுந்த வரியை மட்டும் மறுபடி ஓட்டாதீர்கள். புதிய செஷன் திறந்து, முதல் ரீடிலிருந்து முழு ஃபங்ஷனையும் ஓட்டுங்கள். பழைய ஆப்ஜெக்டுகளில் பழைய மதிப்புதான் இருக்கும். ஃபங்ஷனுக்குள் மெயில் அனுப்பும் வரி இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் ஒரு மெயில் போகும்.