கோழி வளர்ப்பு: கேள்வி – பதில்

வெள்ளைக்கழிச்சலைச் சிலர் ராணிக்கெட் என்கிறார்கள், சிலர் நியூகாசில் என்கிறார்கள். ராணிப்பேட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், திருச்செங்கோடு

மூன்றும் ஒரே நோய்தான். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நியூகாசில் நோயை ஆராய்ந்த டாய்ல், தற்காலிகமாக வைத்த ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. உத்தராகண்டின் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர். வைரஸ் இனத்தின் இன்றைய அறிவியல் பெயர் 'ஆர்த்தோஅவுலாவைரஸ் ஜாவாயென்ஸ்'. ஜாவாவுக்கும் அதில் இடம் கிடைத்துவிட்டது. ராணிப்பேட்டை நோய் தோன்றிய ஊர் அல்ல. தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிலையம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

பறவைக்காய்ச்சல் வைரஸை 'ஏ/கூஸ்/குவாங்டாங்/1/1996' என்று எழுதுகிறார்களே?
– வாசகர், கோபி

வைரஸ் வகை, எடுக்கப்பட்ட பறவை (கூஸ் என்றால் பெருவாத்து), இடம் (சீனாவின் குவாங்டாங்), மாதிரி எண், ஆண்டு என்ற வரிசை அது. மனிதரிடமிருந்து எடுத்தால் உயிரினத்தின் பெயர் வராது. எச்5என்1-இல் வரும் எச், என் இரண்டும் வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள்.

எஃப், லசோட்டா, ஆர்.டி.வி.கே. என்று பாட்டில்களில் போட்டிருக்கிறது. எல்லாம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிதானே, மூன்று வாரக் குஞ்சுக்கு எதைப் போட்டால் என்ன?
– வாசகர், பல்லடம்

அப்படி நினைத்துத்தான் பலர் குஞ்சுகளைப் பறிகொடுக்கிறார்கள். மூன்றும் உயிருள்ள வைரஸ். வீரியம் வேறு வேறு. லசோட்டா, 1940-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அப்பெயருள்ள பண்ணையாளரின் கோழிகளில் கிடைத்தது. எஃப் அதைவிடச் சாது. ஆர்.டி.வி.கே.-யில் 'ஆர்.டி.வி.' என்பது ராணிக்கெட் நோய்த் தடுப்பூசி என்பதன் ஆங்கிலச் சுருக்கம், 'கே' கொமாரோவ் என்ற ஆராய்ச்சியாளரைக் குறிக்கும். வாத்துக்குஞ்சுகளின் மூளையில் திரும்பத் திரும்பச் செலுத்தி வீரியம் குறைத்த வைரஸ் அது. குறைத்தும் நடுத்தர வீரியம் மிச்சமிருக்கிறது. முக்தேஸ்வர் ரகமான ஆர்2பி என்ற தடுப்பூசியும் இந்த வகைதான். மூன்று வாரக் குஞ்சுக்கு ஆர்.டி.வி.கே.-யையோ ஆர்2பி-யையோ போட்டால் கால் முடங்கும், கழுத்து திருகும், சாகவும் செய்யும்.

முதல் வாரத்தில் எஃப், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. சொட்டு உள்ளே இழுபடும்வரை குஞ்சைக் கையில் பிடித்திருங்கள். உடனே விட்டால் தலையை உதறிவிடும். நான்காவது வாரத்தில் லசோட்டா, குடிநீரில். எட்டு வாரம் முடிந்ததும் ஆர்.டி.வி.கே., இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே 0.5 மில்லி. நோய் வாடை அடிக்கும் கொட்டகையில் ஊசி போடாதீர்கள்.

குடிநீரில் கொடுக்கும்போதுதான் தவறு அதிகம். பிளீச்சிங் பவுடர் கலந்த தொட்டித் தண்ணீர் தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும். குளோரின் இல்லாத தண்ணீரில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கரையுங்கள், பிறகு மருந்தைக் கலக்குங்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்தால், கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும். கடையிலிருந்து பாட்டிலை ஐஸ் போட்ட தெர்மாஸில் கொண்டுவாருங்கள். சட்டைப்பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.