எழுந்தவுடன் நடக்க விடாதீர்கள்

கேள்வி: மதுரையில் சபா நாடகங்களுக்குத் தன்னார்வலராகப் போய், டார்ச் அடித்து சீட் காட்டுகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். போன மாதம் இடைவேளையில் எழுந்த ஒரு பெரியவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் சரிந்துவிட்டார். பயந்துபோய் அடுத்து வந்தவரின் கையைப் பிடித்தேன். "நான் என்ன குருடனா?" என்று சத்தம் போட்டார். யாருக்கு உதவி வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், செல்லூர்

முதியோர் நல மருத்துவர் பதில்:

சத்தம் போட்டவரைக் கோபிக்காதீர்கள். யாருடைய கையையும் நீங்களாகப் பிடிக்கக் கூடாது. உங்கள் முழங்கையை நீட்டி, "ஐயா, இங்கே ரெண்டு படி இருக்கு, பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். 'தாத்தா' வேண்டாம், பாதிப் பேருக்கு அந்த வார்த்தையிலேயே சுர்ரென்று ஏறும். அவர் தடுமாறும்போது நீங்கள் பிடித்து இழுத்தால் தோள்பட்டை போய்விடும். அவர் உங்களைப் பிடித்திருந்தால் பிடியை இறுக்குவதும் விடுவதும் அவர் கையில்.

நரைத்த தலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலைப் பாருங்கள். வாசலைத் தாண்டியதும் நிற்பவர், ஒவ்வொரு நாற்காலி முதுகையும் தொட்டுக்கொண்டே வருபவர், செருப்பு நுனியால் படியின் விளிம்பைத் துழாவுபவர், இவர்கள்தான் உங்கள் ஆட்கள். 20 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குள் போகும். இருட்டுக்குப் பழகவும் நேரம் பிடிக்கும். டார்ச்சை முகத்தில் அடிக்காமல், அவர் பாதத்துக்கு ஒரு படி முன்னால் அடியுங்கள்.

இடைவேளையில் சரிந்த பெரியவர் விஷயம் வேறு. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழும்போது ரத்தம் காலில் தங்கிவிடும், பிரஷர் இறங்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். உட்கார்ந்தபடியே பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். எழுந்தபின் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கட்டும். ஆடினால் மறுபடி உட்கார வையுங்கள். விழுந்துவிட்டால் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தால் தூக்குவதே கேடு.

விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நம் ஊரில் உடனே "சோடா வாங்கிட்டு வாப்பா" என்பார்கள், வேண்டாம். இதற்கு ஒரே விலக்கு சர்க்கரை இறங்குவது. ஏசியிலும் குப்பென்று வியர்க்கிறது, கை நடுங்குகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், நாடகம் முடிந்து சாப்பிடலாம் என்று வந்திருக்கிறார் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். "சுகர்காரருக்குச் சர்க்கரையா!" என்று பக்கத்து சீட்டு அம்மா தடுப்பார், கேட்காதீர்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். ஆனால் நினைவோடு இருந்து, தானே விழுங்க முடிந்தால் மட்டும்தான் இதெல்லாம். வாய் கோணியிருந்தாலோ ஒரு கை தூக்க வராவிட்டாலோ ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. அது பக்கவாதம். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துவையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இனி நான் அடித்துச் சொல்வது ஒன்று. 108-ஐக் கூப்பிடுங்கள். கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் "நமக்குத் தெரிஞ்ச வண்டி இருக்கு" என்று போனை எடுப்பார். அந்த வண்டிகளில் சில, கமிஷன் தருகிற ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். பக்கவாதம் வந்த ஒருவரை ஸ்கேன் வசதியே இல்லாத இடத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து என்னிடம் வந்தபோது கெடு தாண்டி இரண்டு மணி நேரம். அவர் விழுந்த தமுக்கம் மைதானத்துக்கும், பெரியாஸ்பத்திரி இருக்கிற கோரிப்பாளையத்துக்கும் என்ன தூரம்! அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்க, ஊரைச் சுற்றியிருக்கிறது வண்டி.

லாபியில் மேஜை போட்டு 'இலவச காது பரிசோதனை' என்பவர்களிடமும் பெரியவர்களை அனுப்பாதீர்கள். அமைதியான அறை இல்லாமல் காதைச் சோதிக்க முடியாது. அது மெஷின் விற்கிற கடை.

பொது இடங்களுக்கு எல்லாரும் வந்துபோக வசதி செய்ய வேண்டும் என்று 2016-லேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லிவிட்டது. நான் பார்த்த ஓர் அரங்கத்தில் சரிவுப்பாதையில் பூந்தொட்டி அடுக்கியிருக்கிறார்கள். சக்கர நாற்காலி ஆபீஸ் அறைக்குள், சாவி மேனேஜர் வீட்டில். நாடகம் தொடங்கும் முன் அந்தச் சாவி எங்கே என்று கேட்டு வையுங்கள். படி விளிம்புக்கு மஞ்சள் டேப் ஒரு சுருள் நீங்களே வாங்கிப்போய் ஒட்டிவிடுங்கள். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினால், பதில் வருவதற்குள் அடுத்த சித்திரைத் திருவிழா வந்துவிடும்.