அடிபட்டு மிரளும் குதிரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தையில் 7 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினோம். முன்பு கல்யாண ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாம். கடைவாயில் பழைய தழும்பு இருக்கிறது. கையைத் தூக்கினாலே தலையை உயர்த்தி ஒதுங்குகிறது. கிட்டே போனால் பின்புறத்தைத் திருப்பிக்கொண்டு நடுங்குகிறது. “நாலு காலையும் கட்டிப் போட்டுப் பக்கத்துல மேளம் அடிங்க, ரெண்டு நாள்ல வழிக்கு வந்துடும்” என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா ஐயா?
– வாசகர், பள்ளிகொண்டா

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். ஆபத்து வந்தால் ஓடித் தப்புவதுதான் குதிரையின் முதல் தற்காப்பு. காலைக் கட்டினால் அந்த வழி அடைபடும். அப்போது அது ஒன்று உதைக்கும், கடிக்கும், கயிற்றோடு விழுந்து காலை முறித்துக்கொள்ளும். அல்லது தப்பவே முடியாது என்று உள்ளுக்குள் ஒடுங்கி அசையாமல் நிற்கும். ‘வழிக்கு வந்துவிட்டது’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையைத்தான். பயம் அப்படியே உள்ளே இருக்கும். வேறொரு நாள், வேறொரு ஆளிடம் வெடிக்கும்.

பழக்கத் தொடங்கும் முன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். வலியோடு நிற்கும் குதிரைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. கடைவாய்த் தழும்பு பெரும்பாலும் முள் கடிவாளத்தால் வருவது. முள் வைத்த கடிவாளத்தைச் சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே தடை செய்துவிட்டன. நாக்கிலும், பல் இல்லாத ஈறுப் பகுதியிலும் புண் ஆறாமல் இருக்கலாம். மென்ற தீவனத்தை உருண்டையாகக் கீழே உதிர்த்தால் கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒரு பக்கம் வரும்போது மட்டும் மிரண்டால் அந்தப் பக்கத்துக் கண்ணைச் சோதிக்க வேண்டும். சேணம் அழுத்திய முதுகு, வயிற்றுப்பட்டை உராய்ந்த நெஞ்சடி, லாட ஆணி தைத்த குளம்பு ஆகியவற்றையும் விடக்கூடாது. கை வைக்கவே விடாத குதிரையானால், கால்நடை மருத்துவர் லேசான மயக்க ஊசி போட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்ப்பதுதான் நல்லது. மிரண்ட குதிரையை லாரியில் ஏற்றிச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவதைவிட மருத்துவரை வீட்டுக்கு வரவழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். அதே வருகையில் கிளாண்டர்ஸ், சர்ரா நோய்களுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய். முடிவு வரும்வரை மற்ற குதிரைகளோடு சேர்க்க வேண்டாம். ரண ஜன்னித் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது இடம். குறைந்தது 30-க்கு 30 அடி, 5 அடி உயர மரவேலி, ஒரு மூலையில் கீற்றுக் கொட்டகை. முள்கம்பி கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்னொரு குதிரை இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு ஆடாவது துணைக்கு வேண்டும். தனியாக நிற்கும் குதிரைக்குக் காவல் காக்கும் வேலை ஓயாது, படுத்து உறங்காது. முதல் வாரம் தீவனம், தண்ணீர், சாணம் அள்ளுதல் தவிர வேறெதுவும் வேண்டாம். ஒரே ஆள், ஒரே நேரம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு போகாதீர்கள். உதறுகிற துண்டும் சாட்டையும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். அடித்தவர் குடித்திருந்தவராக இருந்தால் மது வாடைக்கே மிரளவும் கூடும்.

இரண்டாம் வாரத்திலிருந்து கிட்டே போகப் பழக்கலாம். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் பார்வை விழாது. ஆகவே தோளை நோக்கிச் சற்றே வளைந்து நடந்து போங்கள். கை தொடையோடு இருக்கட்டும். கண்ணை முறைக்காமல் தாழ்ந்த குரலில் பேசுங்கள். எந்தத் தூரத்தில் காது விறைத்துத் தலை எழும்புகிறது என்று கவனியுங்கள். 20 அடி என்றால் 25 அடியிலேயே நின்றுவிடுங்கள். தலை இறங்கி, கண் சிமிட்டி, மூச்சு சீரானதும் நீங்கள் திரும்பி நடந்துவிட வேண்டும். நீங்கள் விலகுவதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. ‘நான் அமைதியாக இருந்தால் இந்த ஆள் போய்விடுகிறார்’ என்று புரிந்த குதிரைக்கு ஓடவேண்டிய அவசியம் குறைகிறது. கொஞ்ச நாளில் அதுவே உங்களைத் தேடி ஒரு அடி எடுத்து வைக்கும். இப்படி 5, 6 முறை, மொத்தம் 10 நிமிடம், காலை, மாலை. அது விலகிப் போனால் பின்தொடராதீர்கள். துரத்திப் பிடித்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

பின்புறத்தைத் திருப்பினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். 10 அடிக்கு அப்பால் நகர்ந்து, அது உங்களைப் பார்க்கக்கூடிய பக்கத்துக்கு வந்து நில்லுங்கள். முகத்தைத் திருப்பியவுடன் இரண்டு அடி பின்வாங்குங்கள். முகம் காட்டினால் அழுத்தம் குறைகிறது என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளும்.

தொட விட்டதும் முதலில் புறங்கையால் தோளைத் தொடுங்கள், 2 விநாடி. அது நகர்வதற்கு முன்பே கையை எடுத்துவிட வேண்டும். நகர்ந்த பிறகு எடுத்தால் ‘நகர்ந்தால் கை போகும்’ என்றுதான் படிக்கும். தட்டிக்கொடுப்பது வேண்டாம், அடிபட்ட உடம்புக்குத் தட்டும் அடியும் ஒரே மாதிரிதான். பிடரி முடிகிற இடத்து மேட்டை விரல்நுனியால் சொறிந்து விடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அங்கேதான். அந்த இடத்தைச் சொறியும்போது நாடித்துடிப்பு குறைவதை ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து கழுத்து, முதுகு, நெஞ்சு, கால். முகமும் காதும் கடைசியில்.

உங்கள் குதிரைக்கு முக்கியம் தூக்கிய கை. அதைத் தனியாகப் பழக்க வேண்டும். கையைத் தொப்புள் உயரத்துக்கு மெதுவாக உயர்த்துங்கள், இறக்குங்கள், உடனே சட்டியில் ஒரு துண்டு கேரட் போடுங்கள். கை முதலில், தீனி பிறகு. இந்த வரிசை மாறினால், தீனியே ‘இப்போது கை வரப்போகிறது’ என்ற எச்சரிக்கையாகி, தின்பதையும் விட்டுவிடும். பத்துப் பதினைந்து முறை காது கூட விறைக்காமல் நின்றால் மட்டும் நெஞ்சு உயரம், பிறகு தோள் உயரம், பிறகு தலைக்கு மேல். ஒவ்வொரு உயரத்திலும் முதலில் மெதுவாக, அப்புறம் சற்று வேகமாக. வேகத்தையும் உயரத்தையும் ஒரே நாளில் கூட்டினால் கெட்டுவிடும். கையிலிருந்து நேராக ஊட்டாதீர்கள், கடிக்கப் பழகும்.

தலைக்கயிறு அதற்குப் பிறகுதான். 12 அடி நீளப் பருத்திக் கயிறு, கட்டைவிரல் பருமன். முதலில் கழுத்தின் மேல் போட்டு எடுப்பது, பிறகு தலைக்கயிற்றின் மூக்கு வளையத்துக்குள் அதுவாகவே மூக்கை விட்டுத் தீனி எடுப்பது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், விரல் போய்விடும். இழுக்கும்போது நேராக முன்னால் இழுக்காமல் பக்கவாட்டில் லேசாக அழுத்தம் கொடுத்துக் காத்திருங்கள். ஒரு கால் அசைந்த அந்தக் கணமே தளர்த்துங்கள். தளர்த்தத் தாமதித்தால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது. முதல் சில மாதம் கம்பத்தில் இறுக்கிக் கட்ட வேண்டாம். கம்பத்தைச் சுற்றி ஒரு சுற்று விட்டு முனையை நீங்களே பிடித்திருந்தால், இழுத்தால் கயிறு வழுகிக் கொடுக்கும். மாட்டிக்கொண்டோம் என்ற பீதி வராது.

கேள்வி: எங்கள் வண்டிக் குதிரை சிலை மாதிரி நிற்கும். லாடம் அடித்தாலும், சேணம் போட்டாலும் அசையாது. சாது என்று நம்பியிருந்தோம். போன வாரம் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது திடீரென்று உதைத்துவிட்டது. காரணமே இல்லை.
– வாசகி, ஆம்பூர்

பதில்: காரணம் இருந்திருக்கும் அம்மா, அது வெளியே தெரியாமல் இருந்தது. உறைந்து நிற்கும் குதிரைக்குக் கண் ஒரே இடத்தில் குத்தியிருக்கும், சிமிட்டாது. மூக்குத் துவாரத்துக்கு மேல் சுருக்கம் விழும், மோவாய் இறுகும், வால் ஒடுங்கும், மூச்சு அடங்கியிருக்கும். நாலு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கும். நிஜமாகவே நிம்மதியாக இருக்கும் குதிரை கழுத்தை முதுகு மட்டத்துக்கு இறக்கும், கீழுதடு தொங்கும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி வைக்கும், காதுகள் தனித்தனியே அசையும். வாயை மெல்வதை மட்டும் வைத்து அமைதி என்று முடிவு செய்யாதீர்கள். பதற்றம் தணியும்போதும் மெல்லும்.

எளிய சோதனை: பிடித்த தீனியை நீட்டுங்கள். தின்னாவிட்டால், அல்லது பிடுங்கித் தின்றால், பயத்தில் இருக்கிறது. இன்னொன்று நாடி. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. அசையாமல் நிற்கிற குதிரைக்கு 60, 70 இருந்தால் அது சாதுவாக இருக்கவில்லை.

சின்னச் சின்னப் பயங்கள் ஒரே நாளில் சேர்ந்துகொண்டே போகும். காலையில் லாடம், வழியில் லாரி ஹாரன், அடுத்துப் புது ஆள், கடைசியில் வயிற்றுப்பட்டை. உதை விழுந்தது பட்டைக்கு என்றாலும் கணக்கு காலையிலேயே தொடங்கியது. பெரிதாக மிரண்ட நாளில் மேற்கொண்டு எந்த வேலையும் வைக்காதீர்கள். பட்டையை ஒரே மூச்சில் இறுக்காமல், மூன்று தடவையாக, நடுவில் சில அடி நடத்தி இறுக்குங்கள். முதுகையும் வயிற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுப் புண் உள்ள குதிரைகள் பட்டை போடும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கொள்ளு கொடுப்பதால்தான் சூடேறி மிரள்கிறது என்கிறார்களே?
– வாசகர், காட்பாடி

பதில்: கொள்ளைவிட வெறும் வயிறு பெரிய குற்றவாளி. குதிரையின் இரைப்பை சிறியது. அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். 6 மணி நேரத்துக்கு மேல் நார்த்தீவனம் இல்லாமல் விட்டால் புண் வரத் தொடங்கும், எரிச்சலும் சிடுசிடுப்பும் கூடும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல் வேண்டும். அதை நாலைந்து வேளையாகப் பிரித்து, பெரிய பங்கை இரவுக்கு வையுங்கள். வேலையில்லாத குதிரைக்கு ஊறவைத்து வேகவைத்த கொள்ளு அரை கிலோ போதும். வேலையும் இல்லாமல் தானியத்தைக் கொட்டினால் துள்ளத்தான் செய்யும். நேப்பியர் புல்லை மட்டுமே போடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். குதிரைமசால் கலந்து கொடுங்கள். பாலாற்றங்கரைப் பக்கம் மணல் தரையில் தீவனத்தைக் கொட்டினால் மணலும் உள்ளே போய் வயிற்று வலி வரும், தொட்டியில் போடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் 50 லிட்டர் தண்ணீர் கூடத் தேவைப்படும்.

கேள்வி: பம்பைச் சத்தத்துக்கும் வெடிக்கும் நடுங்குகிறது. எங்கள் ஊர்க் கெங்கையம்மன் திருவிழாவுக்குள் பழக்க முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: சிரசு ஊர்வலம் வைகாசி முதல் நாள். மாசியிலேயே தொடங்கினால் மேளத்துக்குப் பழக்க வாய்ப்பு உண்டு. வெடிக்குப் பழக்க முயல வேண்டாம். குதிரை தீவனம் தின்னும்போது செல்பேசியில் பம்பைச் சத்தத்தை மெல்லியதாக, 5 நிமிடம் போடுங்கள். தின்பதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள், குறையுங்கள். இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை சிறிது கூட்டலாம். ஆனால் செல்பேசியில் தோலின் அதிர்வு வராது. ஆகவே அடுத்த கட்டமாக ஒரே ஒருவர் 200 அடி தள்ளி நிஜப் பம்பையை மெதுவாக வாசிக்க வேண்டும். அவர் குதிரையை நோக்கி வராமல் விலகி நடந்துகொண்டே வாசிப்பது நல்லது; விலகிப் போகும் சத்தத்தைக் குதிரை காதை நீட்டிக் கேட்கும், நெருங்கி வரும் சத்தத்துக்கு ஓடும்.

இவ்வளவு பழக்கினாலும் திருவிழா அன்று ஊருக்குள் வைத்திருக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே, துணைக் குதிரையோடு, சத்தம் எட்டாத கொல்லைக்கு மாற்றுங்கள். கட்டாமல் வேலிக்குள் அவிழ்த்து விட்டு, புல்லை நிறையப் போட்டு, லாயத்தில் விளக்கை எரிய விடுங்கள். வெடியின் வெளிச்சம் பளிச்சென்று தெரியாது. தீபாவளிக்கும் எருது விடும் விழாவுக்கும் இதே ஏற்பாடுதான். அடிபட்ட குதிரையை மறுபடி ஊர்வல வேலைக்கு அனுப்புவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஒரு இரவு வாடகைக்காக மாதக்கணக்கான உழைப்பு போய்விடும், கூட்டத்தில் குழந்தைகளும் இருப்பார்கள்.

கேள்வி: அமைதிக்கு மாத்திரை உண்டா? எத்தனை மாதத்தில் சரியாகும்?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: லாடம், பல், காயம் பார்க்கும் நேரத்துக்கு மருத்துவர் மயக்க மருந்து தருவார். அசெப்ரோமசின் போன்றவை உடம்பைத் தளர்த்துமே தவிர பயத்தைப் போக்காது. அந்த மயக்கத்தில் குதிரை புதிதாக எதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவும் செய்யாது. சாராயம், கஞ்சா கலந்த உருண்டை எதையும் கொடுக்காதீர்கள்.

மாதக் கணக்கில் ஆகும். கை பழகச் சில வாரம், முகமும் காதும் பழகச் சில மாதம். சில குதிரைகள் கடைசிவரை கடிவாளத்தை ஏற்காது. அவற்றைத் தலைக்கயிற்றோடே வைத்துக்கொள்ளலாம். பழைய பயம் அழிவதில்லை, அதன்மேல் புதுப் பழக்கம் படிகிறது, அவ்வளவுதான். அதனால் இடம் மாறினாலோ ஆள் மாறினாலோ திரும்ப வரும். வந்தால் இரண்டு கட்டம் பின்னால் போய் அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டாம் தடவை சீக்கிரம் முடியும். தேதி, நின்ற தூரம், நாடி, அன்று எதற்கு மிரண்டது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். உங்களிடம் முழுதாகப் பழகியதும் வீட்டில் இன்னொருவரை, 25 அடியிலிருந்தே, முதலிலிருந்து தொடங்க வையுங்கள். நீங்கள் வெளியூர் போகிற நாளில் தண்ணீர் காட்ட அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும்.